நம்பிப் பிள்ளையை விட்டுப் போகும் வீடு

திருக்குடும்ப விழா மறையுரை
(சீராக் 3:2-6, 12-14, கொலோசையர் 3:12-21, லூக்கா 2:41-52)



இன்று வாசிக்கக் கேட்ட நற்செய்தியில் ஒரு செய்தியை நாம் வழக்கமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பன்னிரண்டு வயது இயேசு கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்திருந்த காட்சி நம் மனத்தில் நிற்கிறது. மூன்று நாள் தேடி அலைந்த தாயின் தவிப்பும் நிற்கிறது. அதற்கு முன்பு நடந்ததை லூக்கா சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும் போய் விசாரிக்கிறார்கள்.

ஒரு நாள் முழுக்கப் பிள்ளையைக் கண்ணில் காணாமல் ஒரு தாய் எப்படி நடந்தாள்? மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள், தாய்மாரும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இன்று பள்ளி வேன் பத்து நிமிடம் தாமதித்தாலே நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

திருச்சிக்காரர்களுக்கு இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஆகஸ்டு மாதக் கடைசியில் இங்கிருந்து தஞ்சாவூர் வழியாக வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைப் பாருங்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மாதா சொரூபம் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். தாய் முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போவாள், பிள்ளை எங்கோ பின்னால் வரும். “எங்கம்மா உம் பிள்ளை?” என்று கேட்டால், “பின்னாடி அத்தைகூட வருது” என்பாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவர் சொந்த அத்தையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதே தெருவில் குடியிருப்பவராக இருக்கலாம், போன வருடமும் சேர்ந்து நடந்தவராக இருக்கலாம். பிள்ளைக்குக் கால் கொப்பளித்தால் அவர் தூக்கிக்கொள்வார். பசி என்றால் வாங்கிக் கொடுப்பார். சாலைக்கு நடுவே ஓடினால் அதட்டி இழுத்துக்கொள்வார். தாய்க்கு இது தெரியும். அதனால் நிம்மதியாக நடக்கிறாள்.

பாஸ்கா விழாவுக்குப் போய்த் திரும்பிய நாசரேத்துக் கூட்டமும் இப்படிப்பட்டதுதான். எருசலேமிலிருந்து அவர்கள் ஊருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், பல நாள் நடை. மரியாவும் யோசேப்பும் அன்று அலட்சியமாக இருக்கவில்லை. சுற்றத்தாரையும் அக்கம்பக்கத்தாரையும் அவர்கள் நம்பினார்கள். வானதூதர் அறிவித்துப் பிறந்த பிள்ளையை, ஏரோதிடமிருந்து எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றிய பிள்ளையை, ஒரு பகல் முழுக்க ஊராரை நம்பி விட்டுவிட்டு நடந்தார்கள்.

இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ஒரு குடும்பத்தின் தூய்மைக்கு அடையாளம் தேடினால், “அந்த வீட்டில் நம்பிப் பிள்ளையை விட்டுப் போகலாம்” என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் திருக்குடும்பப் படத்தில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். நற்செய்தியைத் திறந்தால் அந்த மூவரைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். எலிசபெத்துக்குக் குழந்தை பிறந்ததும் சுற்றத்தாரும் அயலாரும் கூடி மகிழ்கிறார்கள். கானாவில் ஒரு கல்யாண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதை விருந்துக்குப் போன மரியாதான் கவனிக்கிறார். அடுத்த வீட்டுக் குறையை அந்த வீட்டார் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே அறிந்து, மகனிடம் போய் மெதுவாகச் சொல்கிறார். ஒரு நல்ல அண்டை வீட்டுப் பெண் செய்வது இதைத்தான்.

இந்த விழா பழங்காலத்திலிருந்து வந்ததல்ல. 1893-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ இதற்கு வடிவம் கொடுத்தார். 1921-இல் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் இதை உலகத் திருஅவை முழுமைக்கும் விரிவாக்கினார். ஆலைத் தொழில் பெருகி, குடும்பங்கள் சொந்த ஊரை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்து, முகம் தெரியாதவர்கள் நடுவே வாழத் தொடங்கியிருந்த காலம் அது. நம் பொன்மலையும் அப்படி எழுந்த ஊர்தான். 1928-இல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது தொழிலாளர் குடும்பங்களும் மூட்டை முடிச்சோடு வந்தன. வந்தவர்களுக்கு இங்கே சொந்தமும் இல்லை, சுற்றமும் இல்லை. ஒரே சங்கொலிக்கு எழுந்து, ஒரே சந்தையில் காய் வாங்கி, ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் தோள் கொடுத்து, காலப்போக்கில் அவர்கள் அக்கம்பக்கம் ஆனார்கள். நல்ல அக்கம்பக்கம் தானாக அமைவதில்லை. யாரோ ஒருவர் முதலில் போய்க் கதவைத் தட்டியதால் உண்டாகிறது.

நாசரேத்தை எண்ணிப் பாருங்கள். இயேசு காலத்தில் சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூராக அது இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கிருந்து நல்லது எதுவும் வருமா என்று நத்தனியேல் இளப்பமாகக் கேட்ட ஊர். மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த பிறகு இயேசு பெற்றோரோடு அந்த ஊருக்குத் திரும்பிப் போய், அவர்களுக்குப் பணிந்து வாழ்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார். பொதுவாழ்வைத் தொடங்கும்போது அவருக்கு வயது முப்பது. நம் ஆண்டவர் ஊர் ஊராகப் போய்ப் போதித்தது ஏறக்குறைய மூன்றே ஆண்டுகள். அதற்கு முன்பு அத்தனை ஆண்டுகள் ஒரு தெருவில் குடியிருந்தார். தச்சுப் பட்டறையில் வேலை செய்தார், ஊராரின் தொழுகைக்கூடத்தில் செபித்தார். அவர் இன்னார் மகன், தாய் பெயர் இன்னது, சகோதரர்கள் இன்னின்னார் என்று ஊரே பெயர் சொல்லும் அளவுக்கு அவர் அந்த ஊர்க்காரர்.

நம் தமிழ் மண்ணுக்கு இந்தக் குடும்பம் ஏற்கெனவே நெருங்கிய குடும்பம். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியோடு நெருங்கிய தொடர்புடைய வீரமாமுனிவர், 1726-இல் தேம்பாவணியை இயற்றினார். 3615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தின் தலைவன் அரசன் இல்லை, படைத்தலைவனும் இல்லை. வளன் என்று அவர் தமிழ்ப்படுத்தி அழைத்த சூசையப்பர். உளி பிடித்து உழைத்து, மனைவியையும் மகனையும் காத்த ஒரு குடும்பத் தலைவனை நாயகனாக்கி ஒரு பெருங்காப்பியம் பாடினார், இத்தாலியில் பிறந்து இந்த மண்ணில் தமிழ் கற்றவர். காவிரிக் கரையில் அந்நியராக வந்திறங்கிய அவரைத் தமிழ் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. அவரும் இந்த மொழியைத் தன் வீடாக்கிக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்து நம் தெருவில் குடியேறும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

இந்த ஊரில் நாம் யார் நடுவே குடியிருக்கிறோம்? இப்போது மார்கழி. ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்கோவிலிலும் விடிவதற்கு முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாணத்தில் பூசணிப்பூ செருகி வைத்திருக்கிறார்கள். அதே வரிசையில் நம் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்குகிறது. வைகுண்ட ஏகாதசிக் காலத்துக் கூட்டமும் நம் கிறிஸ்து பிறப்புக் காலத்துக் கூட்டமும் ஒரே பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஸ்ரீரங்கம் கோவிலுக்கு ஏழு திருச்சுற்றுகள். வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளுமாக ஊரே குடியிருக்கிறது. மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்று பார்ப்பவர்களுக்கு அந்த இராஜகோபுரமும் தெரியும், கீழே தெப்பக்குளத்தின் அருகில் லூர்து அன்னை ஆலயக் கூர்கோபுரமும் தெரியும். நத்தர்வலி தர்காவும் அதே நகரத்தில்தான். பல தலைமுறைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்து வருகிறோம்.

மலைக்கோட்டைத் தாயுமானவர் கோவிலைப் பற்றி நம் அயலார் சொல்லும் கதையை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். இரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பேறுகாலம். துணைக்கு வர வேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். அப்போது இறைவன் தாயின் உருவில் வந்து அந்தப் பெண்ணுக்குப் பேறு பார்த்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நாம் மதிப்போடு கேட்கிறோம். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானவற்றை மதிக்க வேண்டும் என்று 1965-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குச் சொல்லிவிட்டது. அந்தக் கதையில் உள்ள தவிப்பு நமக்கும் தெரிந்ததுதான். 2022-இல் சீரமைப்புக்காகக் காவிரிப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தியபோது, அக்கரையில் இருந்த அம்மாவைப் பார்க்கச் சுற்றிப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பெற்றவள் வந்து சேர முடியாத நேரத்தில் ஒரு பெண்ணுக்கு யார் துணை? இந்தக் கேள்வியை இந்த ஊர் நெஞ்சில் வைத்துப் போற்றுகிறது.

நம் மரியன்னை அதே கேள்வியைக் கேட்டு எழுந்து போனவர். உறவினர் எலிசபெத்து முதிர்ந்த வயதில் கருவுற்றிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், தானும் கருவுற்றிருந்த அந்த இளம்பெண் மலைநாட்டுக்கு விரைந்து போய் ஏறத்தாழ மூன்று மாதம் தங்குகிறார். மீட்பரை வயிற்றில் சுமந்த பின் அன்னை மேற்கொண்ட முதல் பயணம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குத்தான். நம்முடைய பக்தி அடுத்த வீட்டு வாசல் வரையாவது போக வேண்டாமா?

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும், “சிலிண்டர் வந்தா வாங்கி வச்சிருங்க அக்கா” என்று சாவியையும் பணத்தையும் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். அந்த அக்கா சிலிண்டருக்கு எடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், கசிவு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்வார், மீதிச் சில்லறையை ரசீதில் சுருட்டி வைத்திருப்பார். சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கும். அவர் இந்துவாக இருப்பார், முஸ்லிமாக இருப்பார், நம்மவராகவும் இருப்பார். பூட்டிய வீட்டின் சாவியை ஒருவர் கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை! மரியாவும் யோசேப்பும் அந்தக் கூட்டத்தின்மேல் வைத்த நம்பிக்கை இன்று நம் தெருக்களில் இப்படித்தான் உயிரோடு இருக்கிறது.

ஆனால் அது குறைந்துகொண்டும் வருகிறது. இந்த ஊர் விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகள் போகிறார்கள். இங்கே இரண்டு படுக்கையறை வீட்டில் வயதான தாயும் தகப்பனும் இருக்கிறார்கள். பணம் மாதாமாதம் வருகிறது. இரவு எட்டு மணிக்கு வீடியோ காலில் பேரன் முகம் தெரிகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிட யார் வருவார்? அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்க்கதவுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். இன்றைய முதல் வாசகத்தில் சீராக், வயது முதிர்ந்த தந்தையைத் தாங்கவும், அவர் அறிவு தளர்ந்துபோனாலும் பொறுத்துக்கொள்ளவும் சொல்கிறார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் அப்பாவை, இப்போதுதான் சாப்பிட்டதை மறந்து சோறு கேட்கும் அம்மாவை வைத்துக்கொண்டு திண்டாடும் மகள்களே, மருமகள்களே, நீங்கள் செய்வது செபத்துக்கு ஒப்பான திருப்பணி. அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். சுற்றியிருக்கும் நாமும் அந்தச் சுமையில் கை வைக்க வேண்டும். அன்பியக் கூட்டத்தில் பாடலும் வாசகமும் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். யார் வீட்டில் படுக்கையில் இருக்கிறார்கள், இந்த வாரம் யார் இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்து அந்தப் பெண்ணை வெளியே போய்வர விடுவது என்று முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள். அன்பியங்கள் தெருவாரியாகப் பிரிக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு கேள்வியும் என்னிடம் வருகிறது. “சாமி, பக்கத்து வீட்டில் பண்டிகைக்குப் பலகாரம் கொடுக்கிறார்கள், வாங்கலாமா?” புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அழைத்தவர் வீட்டில் வைத்ததைத் துருவிக் கேட்காமல் சாப்பிடச் சொல்கிறார். படைத்தது என்று ஒருவர் சுட்டிக்காட்டிச் சொன்னால், அப்படிச் சொன்னவரின் மனச்சான்றின் பொருட்டு விலகிக்கொள்ளவும் சொல்கிறார். இரண்டிலும் அவருக்கு முக்கியம் எதிரில் இருப்பவர் மனம். ஆகவே மனச்சான்று இடம் தராதவர்கள் பணிவோடு சொல்லுங்கள். முகம் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளுவது விசுவாசம் ஆகாது. அவர்கள் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நம் பாட்டிமார் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். இந்த வாரம் உங்கள் வீட்டு அதிரசமும் கேக்கும் அப்படிப் போகட்டும். நம் விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம், ஒலிபெருக்கி வைத்து அடுத்தவர் தூக்கத்தைக் கெடுத்து அறிவிக்கவும் வேண்டாம். வாசலில் நட்சத்திரம் எரியட்டும், அந்த வாசலுக்கு வருகிறவர்களுக்கு உள்ளே இடம் இருக்கட்டும்.

அன்பர்களே, அக்கம்பக்கம் எப்போதும் இனிமையானது என்று நான் சொல்லவில்லை. நாசரேத்து ஊராரே ஒருநாள் இயேசுவை மலை விளிம்புக்கு இழுத்துப்போய்த் தள்ளிவிடப் பார்த்தார்கள் என்று லூக்கா நான்காம் அதிகாரம் சொல்கிறது. பெயர் தெரிந்தவர்கள், கூட வளர்ந்தவர்கள் செய்த வேலை அது. ஏன் அவ்வளவு கோபம்? கடவுளின் இரக்கம் சாரிபாத்துக் கைம்பெண்ணுக்கும் சிரியா நாட்டு நாமானுக்கும் கிடைத்தது என்று இயேசு நினைவூட்டியதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. தங்கள் ஊர், தங்கள் இனம் என்ற வேலிக்கு வெளியே கடவுள் போவதை அவர்கள் விரும்பவில்லை. அந்த வேலி நம்மிடமும் இருக்கிறது.

வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் முதல் கேள்வி என்ன? எத்தனை பேர் என்பதல்ல. “நீங்க என்ன ஆளுங்க?” ஸ்ரீரங்கத்தில் நம் குடும்பங்கள் அந்தக் கேள்வியில் கூனிக் குறுகியிருக்கின்றன. அது உங்களுக்கு வலித்தது அல்லவா? அப்படியானால் உங்கள் மாடி வீட்டை வாடகைக்கு விடும்போது நீங்கள் அதே கேள்வியைக் கேட்கலாமா? கிறிஸ்தவன் கிறிஸ்தவனிடமே கேட்கிறானே! நம் திருச்சியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் நின்றதும், அதை இடிக்கச் சொல்லிப் போராட்டம் நடந்ததும் ஊரறிந்த செய்தி. ஒரே நற்கருணையை உண்டவர்களை இறந்த பிறகும் பிரித்து வைக்கும் சுவர் பாவம். பீடத்தில் நின்று இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. 2022 மே 15-ஆம் நாள் திருஅவை புனிதராக உயர்த்திய தேவசகாயம் குருவானவர் அல்ல, துறவியும் அல்ல. மணமானவர், மனைவியோடு குடும்பம் நடத்தியவர். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர். 1752-இல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இப்படிப்பட்டவர் என்றால், நம் குடும்பங்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

விமான நிலையத்துக்கு அருகில் கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-இல் அரசு இத்தகைய முகாம்களை மறுவாழ்வு முகாம் என்று அழைக்க முடிவெடுத்தது. இத்தகைய முகாம்களிலேயே பிறந்து, வளர்ந்து, மணமுடித்துப் பிள்ளை பெற்றவர்களில் பலருக்கு இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் உறுதியாகவில்லை. கைக்குழந்தையோடு இரவில் எல்லை கடந்த திருக்குடும்பத்துக்கு எகிப்தில் யாரோ ஒருவர் தங்க இடம் கொடுத்திருப்பார். அந்த எகிப்தியர் பெயர் எந்த நற்செய்தியிலும் இல்லை. ஆனால் அவர் கதவைத் திறந்ததால் மீட்பர் உயிர் பிழைத்து வளர்ந்தார். அந்த எகிப்தியரின் இடத்தில் இன்று நாம் இருக்கிறோம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சிலருக்கு வெளியே அல்ல, வீட்டுக்குள்ளேயே நிம்மதி இல்லை. சம்பளம் டாஸ்மாக் கடையில் முடிந்து, இரவில் கதவு சாத்திய பிறகு அடி தொடங்கும் வீடுகள் இருக்கின்றன. கொலோசையருக்கு எழுதிய திருமடலில் பவுல், கணவர்கள் மனைவியிடம் அன்பு காட்ட வேண்டும், கடுமையாக நடக்கக் கூடாது என்கிறார். பிள்ளைகள் மனம் உடைந்துபோகும்படி தந்தையர் அவர்களை வதைக்கக் கூடாது என்கிறார். மனைவியின் பணிவைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடும் ஆண்களுக்குச் சொல்கிறேன்: இரண்டும் ஒரே மடலில் அடுத்தடுத்து இருக்கின்றன. அடி வாங்கும் சகோதரிகளே, பொறுத்துக்கொண்டே இருப்பது சிலுவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால், “அது அவங்க குடும்ப விஷயம்” என்று டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள். போய்க் கதவைத் தட்டுங்கள், நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். பிள்ளையை நம்பி விடும் ஊர் என்றால், பிள்ளைக்காகக் கண்விழித்திருக்கும் ஊர் என்றும் பொருள்.

இவ்வளவும் எங்கிருந்து தொடங்க முடியும்? நற்செய்தியின் முடிவைப் பாருங்கள். தாய் மகனிடம், இப்படிச் செய்துவிட்டாயே என்று வருந்திக் கேட்கிறார். தந்தையின் இல்லத்தில் நான் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா என்று மகன் திருப்பிக் கேட்கிறார். பெற்றோருக்கு அது புரியவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். பெற்ற பிள்ளை முதலில் கடவுளின் பிள்ளை என்பது எந்தத் தாய்தகப்பனுக்கும் எளிதில் புரிவதில்லை. நம் ஆசையை நிறைவேற்றப் பிறந்தவன், நம் பெயரைக் காக்கப் பிறந்தவள் என்றுதான் நினைக்கிறோம். தனக்கு எட்டாததை மரியா தூக்கி எறியவில்லை, உள்ளத்தில் வைத்துப் போற்றினார். மகனும் புரியாத பெற்றோரை விட்டுப் போகவில்லை. அவர்களோடு வீடு திரும்பினார்.

இங்கேதான் நம் விசுவாசத்தின் ஆழம் இருக்கிறது. மரியாவும் யோசேப்பும் பிள்ளையை ஊரை நம்பி விட்டார்கள். அதற்கு முன்பே வானகத் தந்தை தம் ஒரே மகனை ஒரு தச்சனையும் ஒரு கன்னியையும், அந்தச் சிற்றூரையும் நம்பி ஒப்படைத்திருந்தார். கோட்டையில் வைத்துக் காக்கவில்லை. பசியும் காய்ச்சலும் வாய்ச்சண்டையும் கடன் தொல்லையும் உள்ள ஒரு மனிதத் தெருவில் விட்டார். மனிதரால் தம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று நம்பினார். நம்மைக் கடவுள் அவ்வளவு நம்புகிறார் என்றால், நாம் ஒருவரையொருவர் நம்பாமல் இருக்க என்ன நியாயம்? ஒருவர் நம்பிக்கைக்கு மற்றவர் தகுதியாக வாழாமல் இருக்கத்தான் என்ன நியாயம்?

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, மாலையில் கைப்பேசிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் குடும்பமாக அமர்ந்து செபியுங்கள். குடும்பத்தை இல்லத் திருஅவை என்று சங்கம் அழைத்தது வெறும் புகழ்ச்சிக்காக அல்ல. அந்தச் செபத்தில் இடப்பக்கத்து வீட்டார், வலப்பக்கத்து வீட்டார் பெயர்களைச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் மறுநாள் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் ஒருவரைக் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய்விட்டு வந்ததும் கணக்கு முடிக்காதீர்கள், அடுத்த வாரமும் போங்கள். மூன்றாவது, சாதியாலோ சமயத்தாலோ பணத்தாலோ இதுவரை நீங்கள் வாசலோடு நிறுத்தி வைத்திருந்த ஒருவரை இந்தப் பொங்கலுக்குள் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். உங்கள் தட்டிலேயே பரிமாறுங்கள்.

செபிப்போம். விண்ணகத் தந்தையே, உம் மகனை ஒரு வீட்டுக்கும் ஒரு தெருவுக்கும் நம்பித் தந்தீரே, உமக்கு நன்றி. காவிரிக் கரையில் வாழும் எங்கள் குடும்பங்களை ஆசீர்வதியும். தொலைதூரத்தில் உழைக்கும் பிள்ளைகளையும் இங்கே காத்திருக்கும் பெற்றோரையும் காத்தருளும். எங்களுக்கும் அயலாருக்கும் நடுவே நாங்கள் எழுப்பிய சுவர்களை இடிக்கும் துணிவை எங்களுக்குத் தாரும். பெற்றவள் வர முடியாத நேரத்தில் துணையாக நிற்கும் மனத்தை எங்கள் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தாரும். பிறர் தங்கள் பிள்ளையையும் பெரியவரையும் நம்பி விட்டுப் போகும் வீடாக எங்கள் ஒவ்வொரு வீட்டையும் ஆக்கும். நாசரேத்தில் உம் மகனோடு வாழ்ந்த மரியா, யோசேப்பு இவர்களின் பரிந்துரையால், எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.